அரைகுறையாய்க் கேட்ட காலம் போச்சு!

(பட்டிமன்றத் தலைப்பு: புதிய செல்போன் தொழில்நுட்பத்தால் மனிதர்களின் பேச்சு வளர்கிறதா? தேய்கிறதா? 'வளர்கிறது' என்ற அணியில் ஆற்றிய உரை.)



எனக்கு முன்னால் எதிரணியிலே பேராசிரியர் அம்மா பேசிவிட்டுப் போனாங்க. என்ன அருமையான பேச்சு! "செல்போன் வந்தது, பேச்சு செத்தது"ன்னு சொன்னாங்க. நீங்களும் கை வலிக்க வலிக்கத் தட்டினீங்க. ஆனா இடத்தில் போய் உட்கார்ந்ததும் அவங்க என்ன செஞ்சாங்கன்னு நீங்க பார்க்கல. நான் பார்த்தேன். மேசைக்கு அடியிலே போனை எடுத்து, வாயைப் பொத்திக்கிட்டு, "சாவி எதிர்வீட்டில குடுத்திருக்கேன், பாலை மட்டும் காய்ச்சி வச்சிடுங்க"ன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்றாங்க நடுவர் அவர்களே! (சிரிப்பு, கைதட்டல்)

செத்துப்போன பேச்சு மேசைக்கு அடியிலே எப்படிம்மா உயிரோட இருந்தது?

நடுவர்: பால் பொங்கினாத்தானே தெரியும், பேச்சு உயிரோட இருந்துச்சா இல்லையான்னு. (சிரிப்பு)

சரிதான் ஐயா. இன்னொரு நண்பர் திருவள்ளுவரையே துணைக்குக் கூப்பிட்டார். 'பயனில சொல்லாமை'ன்னு ஓர் அதிகாரம் இருக்கு, செல்போன்ல பேசுறதெல்லாம் பயனிலன்னார். அதே வள்ளுவர் 'கேள்வி'ன்னும் ஓர் அதிகாரம் வச்சிருக்கார், அதைச் சொல்லாம விட்டுட்டார். பத்துக் குறளும் செவிக்காக! பேச்சுன்னா வாய் மட்டும்னு எதிரணி நினைக்குது. நான் காதுகளுக்காக வாதாட வந்திருக்கேன். ஒருத்தர் பேசுறது இன்னொருத்தர் காதிலே முழுசா விழுந்தாத்தான் அது பேச்சு. விழலைன்னா அது வெறும் சத்தம்.

முதல்லே பழைய காலத்தைக் கொஞ்சம் பார்த்துட்டு வந்துடுவோம். ஏன்னா "அந்தக் காலத்துலே மனுஷன் மனம் விட்டுப் பேசினான்"னு எதிரணி ரொம்ப உருகுது. எங்கே பேசினான்? எதிலே பேசினான்? டிரங்க் கால் ஞாபகம் இருக்கா உங்களுக்கு? எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டு, நம்பரைச் சொல்லி, காலையிலே பதிவு பண்ணிட்டு உட்காரணும். சாதாரணம், அவசரம், மின்னல்னு மூணு தினுசு. லைட்னிங் கால்! காசு மட்டும் மின்னல் வேகத்துல போகும், அழைப்பு ஆமை வேகத்துல வரும். (சிரிப்பு) இந்த நாட்டிலே ஆபரேட்டர் அம்மா தயவு இல்லாம ஓர் ஊர்லேருந்து இன்னோர் ஊருக்கு நேரா டயல் பண்ண முடிஞ்சதே 1960-ல்தான். கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவிலே முதல்லே வந்தது. நம்ம தென்காசிப் பக்கத்துக் கிராமங்களுக்கு எப்போ வந்ததுன்னு கேக்காதீங்க, வயசு தெரிஞ்சுடும்.

எங்க வீட்டிலே போன் கிடையாது. ரைஸ் மில்காரர் வீட்டிலேதான் போன். எங்க முகவரிக்குக் கீழே நம்பர் போட்டு, பக்கத்திலே அடைப்புக்குள்ள பி.பி.ன்னு எழுதுவோம். பி.பி.ன்னா இப்போ ரத்தக் கொதிப்பு. அப்போ பக்கத்து வீட்டு போன். ரெண்டும் ஒண்ணுதான், அந்த போன் அடிச்சாலே எங்களுக்குக் கொதிப்பு வந்துடும். (சிரிப்பு) எங்க அண்ணன் 1993-ல் சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போனான். மாசம் ஒரு தரம் கூப்பிடுவான். மில்காரர் வீட்டுப் பையன் தெரு முனையிலேருந்து கத்துவான், "ஏ ஆச்சி, சிங்கப்பூரு லைன்ல இருக்கு!" சிங்கப்பூரே லைன்ல வந்து நிக்குற மாதிரி! எங்க அம்மா மாவுக் கையோட ஓடுவா. ஓடிப்போய் எடுத்து "எய்யா"ன்னு சொல்றதுக்குள்ளே அங்கே காசு தீர்ந்திருக்கும்.

அதனாலே அண்ணன் என்ன செய்வான் தெரியுமா? கேசட்டிலே பேசிப் பதிவு பண்ணி, ஊருக்கு வர்றவங்ககிட்ட குடுத்து அனுப்புவான். அரை மணி நேரம் அவன் பேசுறதைக் கேட்டு எங்க அம்மா பதில் சொல்லிக்கிட்டே இருப்பா, டேப் ரிக்கார்டரைப் பார்த்து! "சாப்ட்டேன்ய்யா, நீ சாப்ட்டியா?"ன்னு. அது அடுத்த வாக்கியத்துக்குப் போயிட்டே இருக்கும். மனம் விட்டுப் பேசின காலம்னு சொல்றீங்களே, அது இதுதான்.

1995 ஜூலை 31-ஆம் தேதி கல்கத்தாவிலேருந்து முதலமைச்சர் ஜோதிபாசு டில்லியில் இருந்த மத்திய மந்திரி சுக்ராமைக் கூப்பிட்டார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு அது. அப்போ நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். நீங்க கூப்பிட்டாத்தான் காசுன்னு நினைச்சுக்காதீங்க, அடுத்தவன் கூப்பிட்டாலும் உங்களுக்குக் காசு! 2003-ல் தான் வர்ற அழைப்பு இலவசம்னு ஆச்சு. அதுவரைக்கும் போன் அடிச்சா எடுக்கிறவன் பணக்காரன், கட் பண்றவன் நடுத்தர வர்க்கம். (சிரிப்பு) மிஸ்டு கால்ங்கிற மாபெரும் இலக்கிய வடிவத்தை உலகத்துக்குக் கொடுத்ததே அந்த நடுத்தர வர்க்கம்தானே! ஒரு ரிங் விட்டா வந்து சேர்ந்துட்டேன், ரெண்டு ரிங் விட்டா பஸ் லேட்டு. இதுக்குப் பேர் பேச்சா ஐயா?

சரி, காசு குறைஞ்சது. அது எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது அதில்லை. தெளிவு! அதைப் பத்தி யாரும் பேசலை. அதுக்கு என் சொந்தக் கதையைச் சொல்றேன். வீட்டிலே பார்த்துக்கிட்டிருப்பாங்க, இருந்தாலும் துணிஞ்சு சொல்றேன்.

1996-ல் எனக்குப் பெண் பார்த்தாங்க. அம்பாசமுத்திரத்துப் பக்கம். எங்க மாமா எஸ்.டி.டி. பூத்திலே நின்னுக்கிட்டு, மீட்டரைப் பார்த்துக்கிட்டே பெண் வீட்டுக்குப் போன் போட்டார். "ஃபிஃப்டீன்த் சாயங்காலம் வர்றோம்!" அவங்களுக்கு எப்படிக் கேட்டிருக்கு? 'சிக்ஸ்டீன்த்'னு கேட்டிருக்கு. நாங்க பதினஞ்சாம் தேதி தாம்பூலத் தட்டு, பூ, பழத்தோட போய் இறங்கிட்டோம். மாமனார் துண்டைக் கட்டிக்கிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருக்கார். உள்ளே நேத்து வச்ச ரசம். பெண்ணு ஆட்டுரல்ல மாவு ஆட்டிக்கிட்டே, கொண்டையை அள்ளி முடிஞ்சுக்கிட்டு, "ஏய் சனியனே, மாவுல வாய வைக்காத"ன்னு ஒரு குரல் குடுத்தாங்க பாருங்க... நான் ரெண்டடி பின்னாடி போயிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சது, ஆட்டைச் சொன்னாங்கன்னு. (பலத்த சிரிப்பு)

நடுவர்: அப்போ அன்னைக்கு லைன் தெளிவா இருந்திருந்தா பதினாறாம் தேதி பட்டுப் புடவையில, பவுடர் போட்டுப் பார்த்திருப்பீங்க. உண்மை தெரியாமலே போயிருக்கும். தெளிவில்லாத போன் உங்களைக் காப்பாத்த முயற்சி பண்ணியிருக்கு, நீங்கதான் புரிஞ்சுக்கல! (சிரிப்பு, கைதட்டல்)

ஐயா, நான் வீட்டுக்குப் போகணும். (சிரிப்பு) உண்மையைப் பார்த்த பிறகும் சம்மதம் சொன்னவன் நான், அதையும் பதிவு பண்ணிக்குங்க.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். ஏன் ஃபிஃப்டீன் சிக்ஸ்டீனாக் கேட்டது? மாமா உச்சரிப்பா? மாமனார் காதா? ரெண்டுமில்லை. நல்ல காதுள்ள இளைஞன் ஒரு நொடிக்கு 20 அதிர்விலேருந்து 20,000 அதிர்வு வரைக்கும் உள்ள ஒலியைக் கேட்பான். ஆனா அந்தக் காலத்துத் தொலைபேசி 300-லேருந்து 3,400 வரைக்கும் உள்ளதை மட்டும்தான் அனுப்பும். மேலே உள்ளதை வெட்டு, கீழே உள்ளதை வெட்டு. ஏன்? ஒரே கம்பியிலே எத்தனை பேருடைய பேச்சை அடைச்சு அனுப்பலாம்னு கணக்கு. டவுன் பஸ்ல ஆள் ஏத்துற கணக்கு. கையைத் தொங்கப் போடாதே, பையை வைக்காதே, ஆள் மட்டும் ஏறு! 'அ', 'ஆ', 'ஓ' எல்லாம் ஏறிடும். 'ஸ்', 'ஃப்' இருக்கு பாருங்க, அந்தக் காத்து மாதிரி வர்ற ஒலிகள், அதுக்கெல்லாம் ஜீவனே 4,000 அதிர்வுக்கு மேலேதான். அது படிக்கட்டிலேயே இறங்கிடுச்சு. சிக்ஸ்டீன்லேருந்து 'ஸ்'ஸையும், ஃபிஃப்டீன்லேருந்து 'ஃப்'பையும் எடுத்துட்டா என்ன மிச்சம்? ரெண்டுமே 'இ... டீன்'! அதனாலேதான் பேரைச் சொல்லும்போது "எஸ் ஃபார் சண்டே, எஃப் ஃபார் ஃப்ரைடே"ன்னு நாள்காட்டியையே துணைக்குக் கூப்பிட்டோம்.

செல்போன் வந்தும் பல காலம் இதே வெட்டுதான். கம்பி போச்சு, கஞ்சத்தனம் போகலை. அப்புறம் 4ஜி அலைக்கற்றையிலேயே குரலை அனுப்பற முறை வந்தது. 'வோல்ட்டி'ன்னு போன்ல மேலே சின்னதா எழுத்து தெரியுதே, அதுதான். நம்ம நாட்டிலே 2016-ல் ஜியோ வந்தப்போ இது கிராமம் வரைக்கும் பரவ ஆரம்பிச்சது. இப்போ 50 அதிர்விலேருந்து 7,000 அதிர்வு வரைக்கும் போகுது. ஏறக்குறைய ரெண்டு மடங்கு கதவு திறந்தாச்சு. இன்டர்நெட் வழியா பேசுற அழைப்பிலேயும் அப்படித்தான். ரெண்டு பக்கமும் இந்த வசதி இருக்கணும், அது ஒண்ணு. ஒரு பக்கம் பழைய 2ஜின்னா மறுபடியும் அந்த டவுன் பஸ்தான்.

இன்னொரு சங்கதி. உங்க செல்போனை எடுத்துப் பாருங்க. (இப்போ எடுக்காதீங்க, அப்புறம் என் பேச்சை விட்டுட்டு அதைப் பார்ப்பீங்க.) கீழே ஒரு சின்ன ஓட்டை, அது நீங்க பேசுற மைக். மேலேயோ முதுகிலேயோ இன்னோர் ஓட்டை இருக்கும். பலபேர் அது என்னமோ திருகாணி போடுற இடம்னு நினைச்சு ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்காங்க! அது ரெண்டாவது மைக். கீழே உள்ளது உங்க குரலையும் தெருச் சத்தத்தையும் சேர்த்துக் கேக்கும். மேலே உள்ளது தெருச் சத்தத்தை அதிகமாக் கேக்கும். இந்த ரெண்டையும் ஒப்பிட்டு, தெருச் சத்தத்தைக் கழிச்சுட்டு உங்க குரலை மட்டும் அனுப்புது. மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துலே நின்னு "ராஜபாளையம், ராஜபாளையம்"ங்கிற கூச்சலுக்கு நடுவிலே ஒருத்தன் பேசலாம், அவன் அம்மாவுக்கு அவன் குரல் கேக்கும். வீட்டுக்குள்ளே சிக்னல் இல்லையா? வீட்டு வைஃபை வழியாவே சாதாரண நம்பருக்குப் பேசற வசதி 2019 கடைசியிலேருந்து நம்ம நாட்டிலே வந்தாச்சு. மொட்டை மாடித் தண்ணித் தொட்டி மேலே ஏறி நின்னு "ஹலோ, ஹலோ"ன்னு ஊருக்கே குடும்ப விஷயத்தை ஒலிபரப்பின காலம் போச்சு. எதிர்வீட்டுக்காரங்களுக்குத்தான் இதுலே நஷ்டம். (சிரிப்பு)

எதிரணி கேக்கலாம்: காது நல்லா இருக்கிறவனுக்கு இதெல்லாம் சொகுசு, அவ்வளவுதானேன்னு. ஐயா, காதே கேக்காதவங்க கதைக்கு வர்றேன்.

தொலைபேசிக்குக் காப்புரிமை வாங்கி 1876-ல் பேசிக் காட்டினாரே அலெக்சாண்டர் கிரகாம் பெல், அவருடைய அம்மாவுக்குச் செவித்திறன் ரொம்பக் குறைவு. குழாயைக் காதிலே வச்சுத்தான் கேப்பாங்க. அவர் கட்டிக்கிட்ட மனைவி மேபல் அம்மையாருக்கு அஞ்சு வயசிலே காய்ச்சல் வந்து காது முழுசாப் போயிடுச்சு. பெல்லே காது கேளாதவங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த வாத்தியார்! உலகத்துக்கே போன் கொடுத்த மனுஷன், தன் வீட்டுக்காரியோட ஒருநாள்கூட போன்லே பேசியிருக்க முடியாது நடுவர் அவர்களே. உதட்டைப் பார்த்துத்தான் அந்த அம்மா பேச்சைப் புரிஞ்சுக்குவாங்க. போன்லே உதடு தெரியுமா?

இப்போ தெரியுது! போன மாசம் தாம்பரம் ஸ்டேஷன்லே ஒரு பையன். இருபது வயசு இருக்கும். தண்ணி பாட்டில்லே போனைச் சாய்ச்சு வச்சுக்கிட்டு ரெண்டு கையாலேயும் பேசறான். திரையிலே ஒரு பொண்ணு, அதுவும் கையாலே பேசுது. கொஞ்ச நேரத்துலே வேகம் கூடுது. விரலெல்லாம் பறக்குது. அட, சண்டை! (சிரிப்பு) பையன் கையை மடக்கிக்கிட்டுத் திரும்பி உட்கார்ந்துட்டான். அந்தப் பொண்ணு திரையிலே கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிடுது. அஞ்சு நிமிஷம் கழிச்சு இவன் மெல்லத் திரும்பிப் பார்க்கிறான்... சிரிச்சுட்டான். எனக்கு ரயில் போயிடுச்சு. (கைதட்டல்) வாட்ஸ்அப்பிலே படம் பார்த்துப் பேசற வசதி 2016 நவம்பர்லே வந்தது. உங்களுக்கும் எனக்கும் அது பேரப்பிள்ளை முகம் பார்க்கிற சொகுசு. அந்தப் பையனுக்கு அதுதான் போன். அதுக்கு முன்னாலே அவனுக்குப் போனே கிடையாது. எதிர்லே இருக்கிறவர் பேசப் பேச எழுத்தாக்கித் திரையிலே காட்டற செயலியும் 2019-லிருந்து இருக்கு. தமிழுக்கும் இருக்கு. சில சமயம் 'மாமா வந்தார்'ங்கிறதை 'மாமரம் வந்தார்'னு எழுதும், பொறுத்துக்கணும்.

மோசடி நடக்குதே, அதைச் சொல்லுன்னு எதிரணித் தலைவர் கையைக் காட்டறார். நடக்குது ஐயா. நான் மறைக்கலை. போலீஸ்னு சொல்லி வீடியோவிலே வந்து "உங்களை டிஜிட்டல் கைது பண்ணியிருக்கோம், அறையை விட்டு வெளியே வராதே"ன்னு மிரட்டிப் பென்ஷன் பணத்தையெல்லாம் பிடுங்கறான். அப்படி ஒரு கைது நம்ம நாட்டுச் சட்டத்திலேயே கிடையாது. தாய்மார்கள் தயவுசெய்து இதை மட்டும் மனசிலே வச்சுக்குங்க. பணம் போச்சுன்னா உடனே 1930-க்குக் கூப்பிடுங்க. அந்த 1930-ஐயும் நீங்க போன்லதான் கூப்பிடணும்! (கைதட்டல்) வாசல் வழியாத் திருடன் வர்றான்னு வாசலைச் செங்கல் வச்சு அடைச்சுட்டு, அப்புறம் மாப்பிள்ளையைக் கூரை வழியாவா இறக்குவீங்க? (சிரிப்பு)

நடுவர்: உங்களுக்கு இன்னும் மூணு நிமிஷம்தான்.

போதும் ஐயா. எங்க அம்மா கதையை முடிச்சுட்டு உட்கார்ந்துடறேன். இதை மேடையிலே சொல்லணுமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். அண்ணன்கிட்டே கேட்டேன். "சொல்லுடா"ன்னுட்டான்.

அம்மாவுக்கு வயசாக ஆக காது மந்தமாச்சு. அண்ணன் ஞாயித்துக்கிழமை தவறாமக் கூப்பிடுவான். அம்மா போனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, "சரிய்யா... சரிய்யா... உடம்பைப் பார்த்துக்கோ"ன்னு சொல்லுவா. நாங்களும் அம்மா நல்லாத்தான் பேசறான்னு நினைச்சோம். 2013 கடைசியிலே அண்ணன் ஒருநாள் போன்லே, "அம்மா, நீ என்கூட வந்து இருந்துடு. இங்கே வீடு பெருசா மாத்திட்டேன். பொங்கல் முடிஞ்சதும் டிக்கெட் போடறேன்"ன்னு சொல்லியிருக்கான். அம்மா, "சரிய்யா"ன்னா. அவன் டிக்கெட் போட்டான். விசா எடுத்தான். ஒரு ஆள்கிட்டே எல்லாத்தையும் கொடுத்து அனுப்பினான். வந்தவரைப் பார்த்து எங்க அம்மா, "நான் எதுக்குப் போகணும்? எங்கிட்ட யாரும் சொல்லலியே"ன்னுட்டா.

அண்ணனுக்கு எப்படி இருந்திருக்கும்? அவன் என்ன நினைச்சான் தெரியுமா? நான்தான் அம்மா மனசைக் கலைச்சுட்டேன்னு. ஊர் வீட்டை நான் எழுதி வாங்கிக்கிறதுக்காக அம்மாவைப் பிடிச்சு வச்சிருக்கேன்னு. நான் என்ன நினைச்சேன்? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போகப் பார்த்தான்னு. வார்த்தை தடிச்சது. "இனிமே நீ எனக்குத் தம்பி இல்லை"ன்னான். நானும் பதிலுக்கு என்னமோ சொன்னேன், அதை இங்கே சொல்ல முடியாது. ஏழு வருஷம் நடுவர் அவர்களே. ஏழு வருஷம் நாங்க பேசிக்கலை. அவன் மகள் கல்யாணத்துக்கு நான் போகலை. அம்மாவுக்கு மட்டும் ஞாயித்துக்கிழமை போன் வரும். "சரிய்யா... சரிய்யா..."

2021-ல் அம்மாவை என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து காது பரிசோதனைக்குக் கொண்டு போனேன். பரிசோதனை பண்ணின பொண்ணு ஒரு வரைபடத்தைக் காட்டிச்சு. இடது பக்கம் மேலே இருந்த கோடு, வலது பக்கம் மலைச்சரிவு மாதிரிக் கீழே விழுது. "சார், அம்மாவுக்குச் சத்தம் கேக்குது, வார்த்தைதான் கேக்கலை. வயசானா மேல் அதிர்வுதான் முதல்லே போகும். நீங்க கத்தினா சத்தம் கூடும், வார்த்தை கூடாது"ன்னு சொல்லிச்சு. எனக்கு அப்போதான் உறைச்சது. வயசு ஒரு பக்கம் 'ஸ்', 'ஃப்', 'ச'வை எல்லாம் தின்னுட்டுது. மிச்சம் மீதியைப் பழைய போன் தின்னுட்டுது. எங்க அம்மா காதுக்கு இத்தனை வருஷமா வந்தது வெறும் ஆ, ஊ, ஏ!

ஏற்கெனவே ஒரு காது மெஷின் வாங்கிக் கொடுத்திருந்தேன். போனை அதுகிட்ட கொண்டு போனாலே 'கீ'ன்னு கத்தும். கழட்டி அலமாரியிலே வச்சுட்டா. இப்போ வந்தது வேற மாதிரி. அம்மாவுடைய அந்தக் கோட்டுக்குத் தக்கபடி, எது கேக்கலையோ அதை மட்டும் கூட்டிக் கொடுக்குது. செல்போனோட புளூடூத்திலே சேர்ந்துக்குது. போனைக் காதுகிட்டயே கொண்டு போக வேண்டாம், பேச்சு நேரா ரெண்டு காது மெஷினுக்குள்ளேயும் இறங்கும். விலை கொஞ்சம் வலிச்சுது. என் வீட்டுக்காரம்மா வளையலைக் கழட்டிக் கொடுத்தாங்க. (கைதட்டல்) ஆமா, அதே ஆட்டுரல் அம்மாதான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை. அம்மா கூடத்திலே உட்கார்ந்திருக்கா. போன் மேசை மேலே கிடக்கு. நான் அடுப்படி வாசல்லே நிக்கிறேன். அண்ணன் கூப்பிடறான், வழக்கம்போல, "அம்மா, சாப்ட்டியா, மாத்திரை போட்டியா"ன்னு கேக்கறான். அம்மா சுத்திமுத்திப் பார்க்கறா. "ஏல, எங்கருந்துல பேசுத? உள்ள வந்துட்டியா?"ங்கறா. அவன் "சிங்கப்பூர்லேருந்துதாம்மா"ங்கறான். அம்மா ஒரு நிமிஷம் பேசலை. அப்புறம் கேட்டா: "இம்புட்டு நாளும் இப்படித்தான் பேசினியாய்யா?"

அண்ணனுக்குப் புரியலை. அம்மா சொல்றா: "நீ பேசுனது எதுவுமே எனக்கு வெளங்கலய்யா. குரல் மட்டும்தான் வரும். கேக்கலன்னு சொன்னா நீ வச்சிருவியோன்னு பயம். வாராவாரம் காசு போட்டுக் கூப்பிடுதான், கேக்கலன்னா அடுத்த வாரம் கூப்பிடாம விட்டுட்டாம்னா? அதான் சரிய்யா, சரிய்யான்னுக்கிட்டிருந்தேன்."

(அரங்கில் அமைதி)

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் அடுப்படி நிலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அம்மாதான் முதல்லே பேசினா.

"என்னய்யா, மூக்க உறிஞ்சுத? சளி பிடிச்சிருக்கா?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாத. எனக்குத்தான் கேக்குதே." அப்படியே என் பக்கம் திரும்பி, "ஏல, இங்க வா. ஒங்கண்ணனுக்குச் சளி பிடிச்சிருக்கு, என்னன்னு கேளு"ன்னு போனை என் பக்கம் தள்ளினா.

(மணி ஒலி)

நடுவர்: மணி அடிச்சது தப்பு. நீங்க பேசுங்க. அண்ணன்கிட்ட என்ன கேட்டீங்க?

"சாப்ட்டியாண்ணே?"ன்னு கேட்டேன் ஐயா. வேற ஒண்ணும் வரலை. அவனும், "ம், நீ?"ன்னான்.

(நீண்ட கைதட்டல்)